இருபத்தெட்டு மில்லி

ஒரு சாண் வயிற்றுக்காக வந்தவர்கள் என்று
எங்களைச் சொல்வார்கள்.
முசாஃபாவில், டக்ட் கடையின் மதிய இடைவேளையில்
டேப்பை எடுத்து அளந்தே பார்த்துவிட்டேன்.
சாண் நிலையான அளவு இல்லை.

குல் சமான் நின்றால் தொண்ணூற்றாறு சென்டிமீட்டர்.
கிரேன் கேபினில் உட்கார்ந்தால் தொண்ணூற்றெட்டு.
ரொட்டியும் நிஹாரியும் முடித்து
தண்ணீர் குடித்து ஏப்பம் விட்டபின்
இன்னும் எட்டு மில்லி.
ஆக, ஒரு மனிதனுக்கு நாளொன்றுக்கு
இருபத்தெட்டு மில்லி போக்குவரத்து.
அதைப் பெல்ட் ஒப்புக்கொள்வதில்லை.
அறுபது மீட்டர் உயரத்தில், கொக்கியில் சுமை தொங்கும்போது
எவன் ஓட்டை மாற்றுவான்?
சாயங்காலம் சட்டையைத் தூக்கிக் காட்டினான்:
தொப்புளுக்குக் கீழே சிவப்பாக ஒரு செவ்வகம்,
பக்கிளின் ரப்பர் ஸ்டாம்ப்.

என் முதல் வரைபடத்தில் பதினொரு பாகங்கள்.
ஸ்க்ரூ, அச்சாணி, இரண்டு சுருள் ஸ்பிரிங்,
ஒரு சின்னப் பல்சக்கரம்கூட இருந்தது, வெட்கமாக இருக்கிறது.
ஃபோர்மேன் பைலி டீ கிளாஸை அதன்மேல் வைத்தான்.
"இன்னாசி, இதை இடுப்பில் கட்டணுமா,
இல்லே கிரேனில் மாட்டணுமா?"

அதன்பின் இரவுக்கு ஒரு பாகத்தைக் கொன்றேன்.
கேம்ப் அறையில், மேல் பங்க்கின் கீழே,
போன் வெளிச்சத்தில்.
ஸ்க்ரூ போனது: கழன்றால் தேடுவது யார்?
அச்சாணி போனது: துளை போட ஒருவன், அடிக்க ஒருவன்.
பல்சக்கரம் போனதை யாரும் கேட்கவே இல்லை.
சுருள் ஸ்பிரிங் மட்டும் அடம்பிடித்தது.
ஆகஸ்ட் வியர்வையில் அதுவும்
உப்புப் பூத்து, துருப்பிடித்து,
வாயைத் திறக்காமல் செத்தது.

விடை கையிலேயே இருந்தது.
இரண்டு டக்ட்டை எப்படிச் சேர்க்கிறோம்?
ஒன்றின் ஓரத்தை உள்ளே மடித்து
இன்னொன்றை அதற்குள் ஓட்டுகிறோம்.
ஆணி இல்லை, வெல்டு இல்லை.
தினம் நூறு தடவை கை செய்ததைக்
கண் பார்க்கப் பதினாறு வருஷம் ஆயிற்று.

இப்போது மூன்றே பாகம்.
ஓரம் மடிந்த ஒரு தகடு.
அதற்குள் ஓடும் ஒரு நாக்கு.
நடுவே, ய என்ற எழுத்தை
அடுத்தடுத்து இரண்டு தடவை எழுதியதுபோல்
வளைத்த ஸ்டெயின்லெஸ் கம்பி.
பலகையில் ஐந்து ஆணி, கையில் ஒரு பிளையர்:
அதுதான் என் தொழிற்சாலை.
தகடு கழிவுத் தொட்டியிலிருந்து. ஒன்றுக்கு நான்கு நிமிடம்.

குல் சமான் கட்டிக்கொண்டு
லுஹர் தொழுகைக்கு அட்டையை விரித்தான்.
நின்றான், குனிந்தான்,
நெற்றியைத் தரையில் வைத்தான், மடங்கி அமர்ந்தான்.
இடுப்பு போகும் இடமெல்லாம் பக்கிளும் போயிற்று.
இதைவிடப் பெரிய சோதனைக்கூடம் எங்கே இருக்கிறது என்று
தூரத்தில் நின்று பூரித்துப்போனேன்.
குனிந்தபோது ஒரு டிக்.
நிமிர்ந்தபோது ஒரு டிக்.
பக்கத்தில் தொழுதவர் காது அசைந்ததை நானே பார்த்தேன்.

முடித்து வந்து தோளில் கை வைத்தான்.
"உஸ்தாத், பஹுத் ஆராம்.
லேகின் ஆவாஸ் பந்த் கரோ."
ஆவாஸை அடைக்க ரப்பர் போடலாம்.
போட்டால் பாகம் நான்கு.
அந்த வாரம் முழுக்க நாக்கின் இரண்டு மூலைகளை
அரத்தால் உருட்டிக்கொண்டிருந்தேன்,
காதருகே வைத்து இழுத்து இழுத்து,
ஓசை கேட்காத வரைக்கும்.

பைலி இருபது கேட்டான்.
செய்து கொடுத்தேன், ஒன்றுக்கு ஐந்து திர்ஹம்.

பெஷாவருக்கு லீவில் போன குல் சமான்
இரண்டு மாதம் கழித்து நேற்று வந்தான்.
நாக்கு அதன் கடைசி முனையில் நிற்கிறது,
கம்பி நேராகிவிட்டது, மூச்சு விட இடமில்லை.
டிசைன் தப்பு என்கிறான்.
பக்கிள் ஒரு நாளுக்கு, தம்பி.
வருஷத்துக்கு ஓட்டைதான்.
கழற்று, இரண்டு போட்டுத் தருகிறேன்.